டயகமவில் படுக்கும் பஸ்: பெக்கோ நடைபாதைக்குப் பொதுப் போக்குவரத்தில் போன ஒரு குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் பெக்கோ நடைபாதை கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களை வளைத்துக்கொண்டு போய் நுவரெலியாவில் முடிகிறது. நீளம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதை 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கொழுந்தும் சாமானும் ஏற்றிப்போக வெட்டிய மாட்டுவண்டித் தடங்களும் தோட்ட வீதிகளும்தான் பெரும்பாலும் இன்று நடைபாதையாகியிருக்கின்றன. அதனால் அநேக கட்டங்கள் ஆளில்லாத காட்டில் முடிவதில்லை. ஒரு தோட்டத்திலோ சிறு டவுனிலோ முடிகின்றன. அங்கே சனம் இருக்கிறது. சனம் இருக்கும் இடத்துக்குப் பஸ்ஸும் போகிறது.

இருந்தும் நடக்க வருகிறவர்களில் பலர் வேன் பிடித்துத்தான் வருகிறார்கள். காலையில் ஓரிடத்தில் இறக்கிவிட்டு மாலையில் மறு முனையில் காத்திருக்கும் வேன். அது முடியாதவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் ரயிலையும் பஸ்ஸையும் நம்புகிறார்கள். ரயில்வரை சிக்கல் குறைவு. 1885இல் நானுஓயாவை எட்டி, 1924இல் பதுளையில் முடிந்த மலையகப் பாதையில் ஹட்டன், கொட்டகலை, வட்டகொடை, ஒஹிய, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று நடைபாதைக்குக் கிட்டவே நிலையங்கள் இருக்கின்றன. சிக்கல் ரயிலை விட்டு இறங்கிய பிறகு, தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் தொடங்குகிறது.

இங்கே பதிவது 2025 பெப்ரவரியில் ஹட்டனைத் தளமாக வைத்து நடந்த ஒரு குழுவின் அனுபவம். நான் இந்தப் பக்கத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை நடையில் அவர்களோடு கூடப் போனேன். மற்ற நாட்களில் நடந்ததை அவர்கள் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

குழுவும் முதல் திட்டமும்

மூன்று பேர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்; பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போனவர். எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்ததால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவருடைய தங்கையின் மகள். அந்த மகளோடு வேலை செய்யும் காலிக்காரத் தம்பி ஒருவர். சிங்களம் பேசுகிறவர், தமிழ் விளங்கும். டீச்சருக்கு வலது முழங்காலில் பழைய வலி உண்டு. ஏற்றத்தில் அது தொல்லை தராது, இறக்கத்தில் தரும் என்பதை அவரே முதலில் சொல்லியிருந்தார்.

திட்டம் கொழும்பில் இருந்தபடி, வரைபடத்தைப் பார்த்துப் போட்டது. ஹட்டனில் ஓர் அறை. மூட்டை முடிச்சு அங்கேயே இருக்கும். சனிக்கிழமை கொட்டகலையில் இருந்து நோர்வூட் வரை நடை. ஞாயிறு பொகவந்தலாவையில் இருந்து டயகம வரை நடந்து, மாலையில் பஸ்ஸில் ஹட்டன் திரும்புவது. அன்றிரவே தம்பி இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் புறப்பட வேண்டும், திங்கள் அவருக்கு வேலை. பிறகு டீச்சரும் மகளும் மட்டும் டயகமவில் இருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறி, ஒஹிய நிலையத்தில் இறங்கி, ரயிலில் வீடு திரும்புவது.

வரைபடத்தில் பொகவந்தலாவையும் டயகமவும் பக்கத்துப் பக்கத்து ஊர்களாகத்தான் தெரியும். நடுவே ஒரு மலைமுகடு, அவ்வளவே. கைபேசி வரைபடத்தில் பஸ் வழி கேட்டபோது அது ஒன்றும் காட்டவில்லை. காரில் போகும் வழியை மட்டும் காட்டியது. பஸ்ஸும் ஏறக்குறைய அதே வழிதான் போகும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளியும் சனியும்

வெள்ளிக்கிழமை ரயிலில் முன்பதிவு இருக்கை கிடைக்கவில்லை. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீள்வது. அந்தக் காலத்து வார இறுதியில் ஹட்டன் போகும் ரயிலில் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். மூன்றாம் வகுப்பில் நாவலப்பிட்டி வரை நின்றுகொண்டே வந்தார்கள். டீச்சருக்கு ஒரு யாத்திரிகர் குடும்பம் இடம் விட்டுக் கொடுத்தது.

சனிக்கிழமை நடையில் எழுதிவைக்கும்படி பெரிதாக எதுவும் இல்லை. கொட்டகலை ஹட்டனுக்கு அடுத்த நிலையம். சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டினால் வந்துவிடும். பஸ்ஸும் அடிக்கடி உண்டு. நடை முடியும் நோர்வூட்டில், பொகவந்தலாவையில் இருந்தும் மஸ்கெலியாப் பக்கத்தில் இருந்தும் ஹட்டன் போகும் பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். கைகாட்டிய முதல் பஸ்ஸே நின்றது.

இந்த நாள் அவர்களுக்குத் தந்த நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது என்பது என் கணிப்பு. இரண்டு முனையும் பிரதான வீதியில் இருக்கும் கட்டத்தை நடந்துவிட்டு, எல்லாக் கட்டமும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வது எளிது.

ஹட்டன் பஸ் நிலையத்தில் தெரியவந்தது

சனி மாலை ஹட்டன் பஸ் நிலையத்தில் அவர்களைச் சந்தித்தேன். மகள் டயகம பஸ்ஸின் நேரங்களை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தாள். கடைசி வரியில் மாலை நேரம் ஒன்று இருந்தது. "கடைசி பஸ் இருட்டுகிற நேரத்துக்குத்தான், நமக்கு அவ்வளவு நேரம் இருக்கு பெரியம்மா" என்று டீச்சரிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் டயகமவுக்குப் போகும் பஸ்ஸுடையது. டயகமவில் இருந்து திரும்பும் பஸ்ஸுடையது அல்ல.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டவுனுக்குப் பக்கத்தில் ஓடும் பஸ் போய்த் திரும்பிக்கொண்டே இருக்கும். வீதி முடியும் இடத்துக்குப் போகும் பஸ்ஸின் நாள் வேறு விதமானது. விடியற்காலையில் தோட்டத்தில் இருந்து டவுனுக்கு இறங்கும், பகலில் நடுவே ஓடும், மாலையில் டவுனுக்குப் போன சனத்தை ஏற்றிக்கொண்டு மேலே வரும். கடைசியாக ஏறும் வண்டி பல இடங்களில் அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் கொண்டக்டரும் அங்கேயே தூங்கி, மறுநாள் முதல் ஓட்டத்தைத் தொடங்குவார்கள். இதைத்தான் "பஸ் படுக்கும்" என்கிறோம். ஆக, ஓர் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குப் போகிறது என்பது அந்த ஊர்க்காரனுக்கு வேண்டிய செய்தி. அந்த ஊரில் இருந்து கடைசி பஸ் எப்போது கிளம்புகிறது என்பதுதான் நடக்கிறவனுக்கு வேண்டியது. இரண்டுக்கும் நடுவே சில மணி நேர வித்தியாசம் இருக்கலாம்.

பஸ் நேரம் பார்க்கும் டைம் கீப்பரிடம் போய்க் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை டயகமவில் இருந்து இறங்கும் கடைசி வண்டி பிற்பகலிலேயே கிளம்பிவிடும், அதுவும் தலவாக்கலை வரைதான் என்றார். பள்ளிக்கூட நாள் என்றால் இன்னும் ஓட்டங்கள் உண்டு, ஞாயிறு அவை இல்லை. "டீச்சர், நாலு மணிக்கு அங்க நின்னீங்கன்னா ராத்திரி அங்கதான்" என்று முடித்தார்.

அடுத்த சிக்கல் வழி. பொகவந்தலாவையில் ஓடும் தண்ணீர் கெஹெல்கமு ஓயாவாகிக் களனி கங்கையில் சேர்கிறது. டயகமவில் ஓடும் அக்கர ஓயா கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. நடுவில் நிற்கும் முகடு இரண்டு பெரிய ஆறுகளின் நீரைப் பிரிக்கும் முகடு. பஸ் பள்ளத்தாக்கோடு போகிற ஒன்று. அந்த முகட்டைத் தாண்டாது. பொகவந்தலாவையில் இருந்து டயகமவுக்குப் பஸ்ஸில் போக வேண்டுமானால் நோர்வூட் வழியாக ஹட்டன், ஹட்டனில் இருந்து தலவாக்கலை, அங்கே வண்டி மாறி லிந்துலை, அக்கரப்பத்தனை, பிறகுதான் டயகம. நடந்தால் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் ஊருக்கு வீதியால் போக மலையகத்தின் பாதியைச் சுற்ற வேண்டும். ஒரு முனையில் பஸ்ஸைத் தவறவிட்டால் மறு முனையில் இருந்து யாரும் வந்து கூட்டிப்போகவும் முடியாது.

திசையை மாற்றிய முடிவு

அன்றிரவு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பேசினோம். மூன்று வழிகள் இருந்தன.

டயகமவுக்கு வேன் ஒன்றை வரச்சொல்வது முதல் வழி. வேன் வாடகைக்கு ஒதுக்க அவர்களிடம் பணம் இருக்கவில்லை. பஸ்ஸிலேயே போவது என்று முடிவெடுத்து வந்தவர்கள்.

நடையைத் திங்களுக்குத் தள்ளுவது இரண்டாவது. பஸ் நிறைய ஓடும் நாள். ஆனால் தம்பி வர முடியாது. மூன்று பேரும் சேர்ந்து அந்த முகட்டைக் கடப்பதற்காகவே அவர் வந்திருந்தார்.

மூன்றாவது, அதே பாதையை மறுபக்கமாக நடப்பது. விடியற்காலையில் பஸ் ஏறி டயகம போய், அங்கிருந்து முகட்டைத் தாண்டிப் பொகவந்தலாவையில் இறங்குவது. பொகவந்தலாவை பெரிய டவுன். ஞாயிறு மாலையிலும் அங்கிருந்து ஹட்டனுக்கு வண்டி உண்டு. பிந்தினாலும் நோர்வூட் வரை ஆட்டோ பிடிக்கலாம். பஸ் குறைவான முனையை, நேரம் நம் கையில் இருக்கும் காலையில் முடித்துவிட்டு, பஸ் கூடுதலான முனையில் மாலையில் போய்ச் சேரலாம்.

மூன்றாவதைத் தேர்ந்தார்கள். அது சரியான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். விலை இல்லாமல் கிடைத்த முடிவு அல்ல. காலையில் இரண்டு பஸ் மாறிப் போவதால் நடை தாமதமாகத் தொடங்கும். வழக்கத்துக்கு மாறான திசையில் போவதால் கைபேசியில் இருக்கும் தடத்தைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். பிரியும் இடங்களில் கவனம் தேவை. நீளமான இறக்கம் நாளின் கடைசியில் வரும். டீச்சரின் முழங்காலுக்கு அதுதான் மோசம். இதை அவரிடம் நேராகவே சொன்னேன். "இறக்கத்துல மெதுவா வருவேன். ஆனா வருவேன்" என்றார்.

ஓர் எல்லையையும் வகுத்துக்கொண்டோம். பகல் ஒரு மணிக்குள் முகட்டை எட்டவில்லை என்றால், எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே டயகமவுக்குத் திரும்புவது. அங்கிருந்து பிற்பகலில் கிளம்பும் வண்டியைப் பிடிக்க அதுதான் கடைசி நேரம். கால் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்து வைத்த எல்லை அல்ல அது. பஸ்ஸில் இருந்து பின்னோக்கி எண்ணி வைத்தது.

ஞாயிறு: டயகமவில் இருந்து முகடு வரை

இருட்டோடு ஹட்டனில் ஏறினோம். தலவாக்கலை வரை தடங்கல் இல்லை. தலவாக்கலையில் டயகம பஸ் ஆட்கள் சேரும்வரை நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. தம்பி இரண்டு தடவை இறங்கிப்போய் வேறு வண்டி இருக்கிறதா என்று பார்த்து வந்தார். இல்லை. ஞாயிறு காலையில் தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்கும் நேரம்; மேலே ஏறுகிறவர்கள் குறைவு. நாங்கள் ஊரின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம்.

அந்தக் காத்திருப்பு வீணாகவில்லை. கொண்டக்டர் டயகமப் பக்கத்துப் பொடியன். முந்தைய நாள் கேட்டது உண்மைதானா என்று மகள் அவனிடம் விசாரித்தாள். "ராத்திரி வர்ற வண்டி டயகமயிலதான் படுக்கும் அக்கா. விடியக் கெளம்புறதும் அதேதான். அந்த மொத பஸ்ஸ மட்டும் நம்பலாம், அது எங்கேயிருந்தும் வர வேண்டியதில்ல, அங்கனயே நிக்கிது." இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ நேர அட்டவணைகளைவிடப் பயனுள்ளது என்று நினைக்கிறேன். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நெரிசலில் மாட்டித் தாமதமாகும் வண்டி அல்ல அது.

டயகமவில் இறங்கியபோது ஒன்பது தாண்டியிருந்தது. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு நடந்தோம். பெப்ரவரி காய்ந்த மாதம். பாதை உலர்ந்திருந்தது, அட்டை குறைவு. தேயிலை மலைகளில் குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்பதை அந்தந்த மலையில் வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெரியவர் ஒருவர் ஒரு பாறை மடிப்பைச் சுட்டிக்காட்டி, அதன் கீழ்ப்பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னார். சுற்றிப் போனோம்.

முகட்டை எட்டியபோது மணி ஒன்றுக்கு இருபது நிமிடம் இருந்தது. எல்லைக்குள் வந்துவிட்டோம். கைபேசிகளில் சிக்னல் இல்லை.

இறக்கமும் மேல் தோட்டத்துப் பஸ்ஸும்

இறக்கம் தொடங்கிய அரை மணி நேரத்தில் டீச்சரின் முழங்கால் பேசத் தொடங்கியது. முதலில் தடியை ஊன்றி நடந்தார். பிறகு படிபோல் இருந்த இடங்களில் பக்கவாட்டாக இறங்கினார். குழுவின் வேகம் பாதியாகிவிட்டது. பொகவந்தலாவை டவுனை நடந்தே எட்டுவதானால் இருட்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். தம்பியை முன்னால் அனுப்பிவிடலாமா என்ற பேச்சு வந்தது. பாதை தெரியாத ஒருவரைத் தனியே அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை, மகளும் ஒத்துக்கொள்ளவில்லை. சேர்ந்தே போவது என்று முடிவாயிற்று.

காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் சில பெண்கள் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு என்பதால் பேர் போட்டு நாட்சம்பளம் தரும் வேலை இல்லை. நிறைக்கு ஏற்ற காசு. டீச்சர் நின்று பேசினார். தான் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவர்களில் வயதான அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"டவுன் வரைக்கும் நடக்கப் போறீங்களா? எதுக்கும்மா? சாமான் வாங்கப் போன சனத்த ஏத்திக்கிட்டு பஸ்ஸு மேல வரும். ஸ்டோருக்கிட்டதான் திருப்புவாங்க. ஆனா கேட்டுக்கிடுங்க, சில நாளு எறங்காது, படுத்துரும்."

நாங்கள் வைத்திருந்த எந்த வரைபடத்திலும் அந்தப் பஸ் இல்லை. கட்டம் பொகவந்தலாவையில் முடிகிறது என்று எழுதியிருந்ததால், பஸ்ஸும் அங்கேதான் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்பே, மேல் தோட்டத்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வரை ஒரு கிளை ஓட்டம் இருந்தது.

அந்த அம்மாவின் மருமகன் கொண்டக்டரைத் தெரிந்தவர். கொஞ்சம் கீழே, சிக்னல் கிடைக்கும் வளைவு ஒன்று இருந்தது. அங்கே நின்று அழைத்துக் கேட்டார். இன்று படுக்காது, ஹட்டன் வரை ஓட்டம் இருக்கிறது என்று பதில் வந்தது. வருவதற்குப் பிந்தினாலும் சாமான் இறக்கும் நேரம் நிற்கும், வந்துவிடுங்கள் என்றும் சொன்னாராம்.

ஸ்டோரை எட்டியபோது நாலு மணி. பஸ் அப்போதுதான் ஏறி வந்தது. அது நின்ற விதத்தை எழுதாமல் விட மனமில்லை. முதலில் பின் கதவால் மாவு மூட்டைகள் இறங்கின. பிறகு ஒரு காஸ் சிலிண்டர், புதுப் பிளாஸ்டிக் கதிரைகள் கட்டாக, காலைக் கட்டிய இரண்டு கோழிகள், பள்ளிக்கூடச் சப்பாத்துப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்ட ஒரு பையன். யாருடைய மூட்டை எது என்று கொண்டக்டருக்குத் தெரிந்திருந்தது. பெயர் சொல்லிச் சொல்லி இறக்கினார். எல்லாம் இறங்கிய பிறகு பஸ் வெறுமையாக இருந்தது. டீச்சரை முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார வைத்தார்கள்.

ஊர்ச் சனம் மாலையில் ஏறுகிறது, நடக்கிறவர் மாலையில் இறங்குகிறார். சனத்தை ஏற்றி வந்த வண்டி திரும்பும்போது இடம் தாராளம். காலையில் எங்களைத் தலவாக்கலையில் காக்க வைத்த அதே எதிர்த்திசை, மாலையில் எங்களுக்கு இருக்கை தந்தது.

இருட்டும் நேரம் ஹட்டன் வந்தோம். தம்பி சாப்பிட்டு, குளித்து, இரவு மெயில் ஏறினார்.

திங்கள்: ஒரு பகுதியைக் கைவிட்டது

திங்கள் காலை டீச்சரின் முழங்கால் வீங்கியிருந்தது. அடுத்த கட்டத்தைப் பற்றி மகள் என்னிடம் தொலைபேசியில் கேட்டாள். என் கருத்து வெளிப்படையானது: டயகம முதல் ஹோர்ட்டன் சமவெளி வழியாக ஒஹிய வரையான பகுதியை இந்த முறை விட்டுவிடுங்கள்.

காரணம் தூரம் மட்டுமல்ல. ஞாயிறு வந்த பாதையில் ஏதாவது நேர்ந்தால் இறங்கி ஒதுங்க இரண்டு பக்கமும் தோட்டங்கள் இருந்தன. டயகமவுக்கு மேலே லயங்கள் முடிந்து காடும் வனப்பூங்காவும் வந்துவிடும். ஹோர்ட்டன் சமவெளிக்கு வருகிறவர்கள் நுவரெலியாவில் இருந்தோ ஒஹிய, பட்டிப்பொலப் பக்கத்தில் இருந்தோ வாடகை வண்டியில்தான் வருகிறார்கள். கைகாட்டி ஏறப் பஸ் இல்லை. அங்கிருந்து ஒஹிய நிலையத்துக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர், முழுதும் இறக்கம். கீழே ஒஹியவில் ஒரு நாளைக்கு ஒரு சில ரயில்கள் மட்டுமே. பகல் வண்டி தவறினால், மாலையில் பதுளையில் இருந்து கிளம்பி வரும் இரவு மெயிலுக்காகக் குளிரில் காத்திருக்க வேண்டும். வீங்கிய முழங்காலோடு நடுவில் வெளியேற வழியில்லாத பாதையில் இறங்குவது சரியல்ல.

அதற்குப் பதிலாக ஹட்டனில் ரயில் ஏறி ஹப்புத்தளை போனார்கள். நடைபாதை லிப்டன் இருக்கை என்ற மலைக் காட்சிமுனைப் பக்கமாகவும் போகிறது. ஹப்புத்தளையில் இருந்து தம்பதென்ன ஸ்டோருக்குப் பஸ் இருக்கிறது. அதுவும் வீதி முடியும் இடம்தான். ஆனால் டவுன் கிட்ட இருப்பதால் பஸ் நாள் முழுதும் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். தோட்டத்துச் சனமும் சுற்றுலா வருகிறவர்களும் சேர்ந்து ஏறுவதால் காலி ஓட்டமும் குறைவு. செவ்வாய் விடியற்காலை பஸ்ஸில் போய், மகள் மேலே வரை நடந்து வந்தாள். டீச்சர் கொஞ்சத் தூரம் நடந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அங்கே காலை பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும். அதற்குள் இரண்டு பேரும் ஹப்புத்தளை திரும்பிவிட்டார்கள்.

விளைவு

போட்ட திட்டத்தில் ஒரு பகுதி நடக்கவில்லை. நடந்தவற்றில் ஒன்று தலைகீழாக நடந்தது. வேன் பிடிக்கவில்லை, ஆட்டோவும் தேவைப்படவில்லை. யாரும் இருட்டில் மாட்டிக்கொள்ளவில்லை. தம்பி திங்கள் வேலைக்குப் போனார். டீச்சரின் வீக்கம் ஒரு வாரத்தில் வற்றியது என்று மகள் பிறகு சொன்னாள்.

எதை மாற்றுவோம்

முதல் மாற்றம் தங்கும் இடம். ஹட்டனைத் தளமாக வைத்தது வசதியாகத் தோன்றியது, ஆனால் டயகமப் பக்கத்து நடைக்கு அது பொருந்தவில்லை. முந்தைய நாள் மாலையில் ஏறும் கடைசி பஸ்ஸிலேயே டயகமவுக்கோ அக்கரப்பத்தனைக்கோ போய், அங்கே ஒரு வீட்டில் தங்கியிருந்தால், விடியும்போதே நடை தொடங்கியிருக்கும். தலவாக்கலையில் காத்த நேரம் முழுவதும் இறக்கத்துக்குக் கிடைத்திருக்கும். டீச்சர் அவசரமில்லாமல் இறங்கியிருப்பார். நடக்கிறவரும் பஸ்ஸோடு சேர்ந்து வீதி முனையில் படுப்பதுதான் இந்தப் பாதைக்கு ஏற்ற முறை.

இரண்டாவது, கேட்கும் கேள்வி. "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் கேட்கப்படுகிறவர் தன் ஊரை நினைத்துப் பதில் சொல்வார். "அங்கேயிருந்து கெளம்புற கடைசி வண்டி எது, ஞாயிறும் உண்டா, அது திரும்புமா படுக்குமா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். டைம் கீப்பர், கொண்டக்டர், வழியில் சந்திக்கும் தோட்டத்துக்காரர் என்று குறைந்தது இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும். நான் இங்கே எந்த பஸ்ஸின் நேரத்தையும் துல்லியமாக எழுதாததற்குக் காரணம், அது மாறும் என்பதுதான். பள்ளி விடுமுறை, பௌர்ணமி, யாத்திரைக் காலம் எல்லாம் அதை மாற்றும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஓடும் சிசு செரிய பஸ்ஸைத் திட்டத்தில் சேர்க்கவே கூடாது. அது அவர்களுடையது.

மூன்றாவது, வெளியேறும் இடங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் குறிக்காமல், நடுவில் பஸ் திரும்பும் ஸ்டோர், சந்தி, கோயிலடி எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். அன்று அந்த அம்மாவைச் சந்தித்தோம், தப்பினோம். கைக்காசு இல்லாத நாளாக இருந்திருந்தால் அந்த மலையில் ஆளே இருந்திருக்காது. நடைபாதையை நிர்வகிக்கிறவர்கள் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அங்கிருந்து கிளம்பும் கடைசி பஸ்ஸைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒரு பலகை வைத்தால், அது வழிகாட்டும் அம்புக்குறிகள் அளவுக்கே பயன்படும்.

தோட்டப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளினிக்குக்கும் பள்ளிக்கும் அடகுக்கடைக்கும் போக அந்தச் சனத்துக்கு இருப்பது அந்த வண்டி மட்டும்தான். காலையில் இறங்கும் பஸ்ஸும் மாலையில் ஏறும் பஸ்ஸும் நிரம்பி வழியும். பெரிய முதுகுப்பையை மடியில் வையுங்கள், முடிந்தால் எதிர்த்திசையில் பயணியுங்கள். காலி வண்டியில் நீங்கள் கொடுக்கும் டிக்கெட் காசு அந்த ஓட்டம் நிற்காமல் இருக்க உதவும்.

இந்த நடைக்குப் பிறகு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மண்சரிவுகளால் மலையக ரயில் பாதையும் வீதிகளும் பெரும் சேதமடைந்தன. தோட்டங்களில் உயிர்களும் வீடுகளும் போயின. ஆகவே மேலே எழுதியுள்ள ரயில், பஸ் வழிகள் 2025 பெப்ரவரியின் நிலைமை. போக நினைக்கிறவர்கள் ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது, தோட்ட வீதி திறந்திருக்கிறதா என்பதைப் புறப்படும் வாரத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டயகம முதல் ஒஹிய வரையான பகுதி டீச்சருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த முறைக்கு அவர் எழுதிவைத்திருக்கும் திட்டத்தில் முதல் வரி அக்கரப்பத்தனையில் தங்க ஒரு வீடு. இரண்டாவது வரி ஒஹியவில் இரவு மெயில். நடக்கும் பாதை மூன்றாவது வரியில்தான் வருகிறது.